கடுக்காய்க் கணக்கு

அமிர்திக் காட்டோரம் மக்ரே துரை கொட்டகை போட்ட வருஷம்
அவனிடம் இருந்த தமிழ் மூன்றே சொல்:
எவ்வளவு. நாளை. போ.
அது போதும் என்றுதான் வந்திருந்தான்.

மூப்பர் தீர்த்தன் மூட்டையின் வாயை அவிழ்க்கவில்லை.
மூன்று நாள். பதினெட்டு ஆள்.
கடுக்காய் மூட்டைமேல் சாய்ந்துகொண்டு புகையிலை மென்றார்கள்.
துரை சில்லறையைக் குலுக்கிக் காட்டினான்,
மாட்டுக்குத் தவிடு காட்டுவதுபோல.

உப்புக்காக ஒடுகத்தூர் சந்தைக்கு இறங்கி இறங்கிக்
கீழ்நாட்டுப் பேச்சு பழகியவள் நான்.
சமையல்காரன் தேவசகாயம் துரைப்பேச்சில் பாதி தெரிந்தவன்.
அவன் பாதியும் என் பாதியும் சேர்ந்து சொன்னோம்:
முதலில் அவர்கள் கஞ்சியைக் குடியுங்கள்.
சாமைக் கஞ்சி, தேன் ஊற்றி.
கண்ணை மூடிக்கொண்டு குடித்தான், பேதி மருந்து குடிப்பவன்போல.
தீர்த்தன் முடிச்சில் கை வைத்தார்.

இரண்டு மழைக்குள் தேவசகாயம் தேவைப்படவில்லை.
நடுவில் உட்கார்ந்தேன்.
இந்தத் தட்டில் கடுக்காய், அந்தத் தட்டில் உப்பு,
முள் நான்.
திருட்டுப்பயல், அடியில் கல் வைத்திருக்கிறான் என்பான் துரை.
மூட்டை நல்ல கனமாம், துரைக்குச் சந்தோஷமாம் என்பேன்.
இவன் படிக்கு அடியே இல்லையா என்பார் சித்தப்பா.
இந்த வருஷம் மழை பரவாயில்லையாம் என்பேன்.
பொய் சொன்ன வாய்க்கு மாசம் இரண்டு ரூபாய்.
அந்தப் பொய்யால் ஒரு மண்டையும் உடையவில்லை.

ஒரு கொடுவாளுக்கு ஏழு கூடை.
மறு வருஷம் ஒன்பது.
கொடுவாள் அதே நீளம்தான்.

வண்டி வாணியம்பாடிக்குப் போகும்.
சுக்கூர் சாயபு தொட்டியில் கடுக்காய் ஊறும்,
தோல் ஊறும், தோலோடு இடுப்பளவு ஆளும் ஊறுவான்.
பிறகு ரயில், பிறகு கப்பல்.
நாங்கள் குனிந்து பொறுக்கியது
யார் காலில் ஏறி நடந்ததோ.

பரியமாக என் அண்ணனுக்கு ஏர்க்கொழு கொடுத்தான்.
அண்ணன் அதைக் கல்யாணம் என்றான்.
துரை நோட்டில் எழுதினான்: கொழு, ஒன்று.
எனக்கு எழுத்து தெரியாது.
ஆனால் ஏழையும் ஒன்பதையும் எழுதிய அதே பக்கம் அது.

ஒரு மார்கழி இரவு, மலைக்காற்று ஓலையைப் பிய்த்தபோது
தகரப்பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து
என் கழுத்தைச் சுற்றிப் போட்டான்.
கறுப்போடிய பழுப்பு. தண்ணீரைத் தடவுவதுபோல மயிர்.
என்ன மிருகம்?
பல்லால் மரம் வெட்டி ஆற்றுக்கு அணை கட்டுமாம்.
சிரித்தேன். பாலாற்றில் வந்து கட்டச் சொல்,
தண்ணீர் எங்கே என்று அது நம்மைக் கேட்கும்.
அவனும் சிரித்தான்.
பனி கொட்டும் தேசமாம். அவன் அண்ணன் அங்கே வாங்குகிறானாம்,
கத்தி, கம்பளம், பாசிமணி கொடுத்து.
யாரிடம்?
காட்டுக்காரர்களிடம். உங்களைப்போல.
அவர்களுக்கும் உன் அண்ணனுக்கும் நடுவில் யார்?
துரை விளக்குத் திரியைக் குறைத்தான்.

பிறகு காட்டுக்குக் கல் நட்டு நம்பர் போட்டார்கள்.
ஆவாரம்பட்டை உரித்தால் அபராதம். கடுக்காய்க்கு ஏலம்.
ஏலம் எடுத்தவர்கள் கஞ்சி குடிக்க வரவில்லை.
துரை காட்பாடியில் ரயிலேறினான்.
நாளை என்றான்.
மற்ற சொல்லையெல்லாம் திருத்தினேன்,
அந்த ஒன்றுக்கு அர்த்தம் என்ன என்று
அவனிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

மயிர்ப்பட்டையில் பாதியைப் பூச்சி தின்றது.
மீதியில் பூனை குட்டி போட்டது.
வேலூர் வெயிலில் அதைப் பார்த்தாலே வேர்க்கும்.
ஆனாலும் சில ராத்திரி எடுத்து முகர்கிறேன்.
ஏதோ ஒரு புகைவாசம்.
எங்கள் அடுப்புப் புகை இல்லை.

பனியில் உட்கார்ந்திருப்பவளே,
நீயும் இரண்டு பக்கமும் பொய்தான் சொன்னாயா?
என் கணக்கு, கொழு ஒன்று.
உன் பக்கத்தில்
என்ன எழுதியிருக்கிறான்?